2,000 ரூபாயில் ஈஸ்டர் விருந்து: கறிக்கடை முதல் பாயசம் வரை

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் குடியிருக்கிறோம். ஈஸ்டருக்கு சேலத்திலிருந்து என் அண்ணன் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் வருகிறார்கள். எங்களோடு சேர்த்துப் பெரியவர்கள் 10 பேர், பிள்ளைகள் 4 பேர். கையில் இருப்பது 2,000 ரூபாய். தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருந்துவிட்டு, அன்றைக்கு மட்டன் பிரியாணி இல்லையென்றால் எப்படி என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, 14 பேருக்கு மட்டன் பிரியாணி என்றால் இரண்டரை கிலோ கறியாவது வேண்டும். கிலோ 900 ரூபாய் என்று வைத்தாலும் 2,250 ஆகிறது. அரிசி வாங்குவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். அதற்காக மட்டனை அடியோடு விட்டுவிட வேண்டாம். பண்டிகை நாளில் அந்த வாசனை வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். அரை கிலோ நெஞ்செலும்பு மட்டும் வாங்கி, உருளைக்கிழங்கு போட்டு, தேங்காய் அரைத்துக் குழம்பு வையுங்கள். எலும்பின் சாறு குழம்பு முழுக்க இறங்கும். 14 பேருக்கும் ருசி கிடைக்கும். தனிக்கறி கேட்டால் விலையும் கூடும், குழம்பும் அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஞாயிறு காலையில் கடையில் கூட்டம் நெருக்கும் என்பதால் சனிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள்.

தட்டில் கறியாக விழுவது கோழியாக இருக்கட்டும். 2 கிலோ போதும். அதை மிளகு வறுவலாகச் செய்யச் சொல்வேன். காரணம், நீங்கள் இருக்கும் இடம். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியில் அறுவடை முடிந்து, புது மிளகு காய்ந்து கைக்கு வரும் சமயம் இது. தெரிந்தவர்களிடம் 50 கிராம் வாங்கி அன்றைக்கே இடித்துப் போட்டால், பாக்கெட் மசாலா எதுவும் பக்கத்தில் நிற்க முடியாது.

பலாவும் பிஞ்சு விட்டிருக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, துண்டு போட்டு வேகவைத்து, கறி மசாலாவிலேயே வதக்குங்கள். கறிக்கு ஈடாகத் தட்டை நிறைக்கும். ஆளுக்கொரு முட்டை அவித்து வைத்தால் பிள்ளைகளுக்கும் சந்தோஷம். முட்டை நமக்குப் பக்கத்து நாமக்கல்லிலிருந்து வருவது. பண்டிகைச் சாப்பாட்டில் இதைவிட மலிவாக எதையும் சேர்க்க முடியாது.

இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சேலம் ஜவ்வரிசியை விட்டுவிட்டு, ஏன் விலை கூடிய சேமியாவும் பாதாமும் தேட வேண்டும்? 300 கிராம் ஜவ்வரிசி, அரை கிலோ வெல்லம், இரண்டு தேங்காயின் பால், கொஞ்சம் முந்திரி. ஜவ்வரிசி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பளீரென்ற வெள்ளை நல்ல தரத்துக்கு அடையாளம் அல்ல. சற்று மங்கலாக இருப்பதே மேல்.

நான் போட்ட கணக்கு இது. கோழியும் எலும்பும் 930, அரிசியும் முட்டையும் 230, பாயசச் சாமான் 200, வெங்காயம், தக்காளி, உருளை, தேங்காய், இஞ்சி, பூண்டு எல்லாம் சேர்ந்து 300, மிளகும் மசாலாவும் 100, பலாக்காய் 60. மொத்தம் 1,820 ரூபாய். உங்கள் கடை விலைக்கேற்பக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை இந்த மாதம் வாங்காமல் விட்டுவிடாதீர்கள், வறுவலுக்கும் தாளிப்புக்கும் ஆகும். கடையில் எண்ணெய் வாங்குவதாக இருந்தால் விலையை மட்டும் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே அளவு போலத் தெரியும் சில பாக்கெட்டுகளில் 800, 850 கிராம்தான் இருக்கிறது.

காய்கறிக்காக மட்டும் மலை இறங்காதீர்கள். இரண்டு பக்க பஸ் செலவில் மிச்சம் பிடித்தது போய்விடும். வேறு வேலையாக சேலம் போகிற நாளில், காலையிலேயே அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் வெங்காயம், உருளை, தேங்காயை வாங்கிவிடுங்கள். அன்றைய விலை பலகையிலேயே எழுதியிருக்கும். இல்லையென்றால் மலைக்கு வரும் அண்ணனிடமே சொல்லிவிடலாம். "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று எப்படியும் கேட்பார், கூச்சப்படாமல் தேங்காய் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, கேஸ். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எலும்பு வேக நேரமும் கேஸும் கூடுதலாகப் பிடிக்கும். குக்கரில் வையுங்கள். சேலத்தில் வைப்பதைவிட இரண்டு விசில் அதிகம் விட்டால் சரியாக இருக்கும்.

கேள்வி: கறிக்கடையில் 2 கிலோ கோழி என்று எடை போட்டு வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் நிறுத்தால் 1 கிலோ 300 கிராம்தான். ஏமாற்றிவிட்டார்களா? (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: உயிர் எடைக்குப் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்று இல்லை. இறகு, தோல், தலை, கால், குடல் எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்குதான் கறியாக மிஞ்சும். ஆகவே பலகையில் உயிர் எடை விலையைப் பார்த்தால் அதோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயிர் எடை கிலோ 140 என்றால் கறி எடைக்கு ஏறக்குறைய 210. பக்கத்துக் கடையில் கறி 240 என்று விற்றால் எது லாபம் என்று அங்கேயே தெரிந்துவிடும். மலிவு என்று ஓடிப்போய் வாங்குவது பல நேரம் உயிர் எடை விலையைப் பார்த்துத்தான்.

ஆனால் கறி எடை என்று சொல்லிவிட்டுக் குறைத்தால் அது ஏமாற்றுத்தான். ஒரு பண்டிகைக்கு முந்தின நாள் எனக்கே நடந்தது. வாங்கிய கறியைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 120 கிராம் குறைந்தது. வெட்டிய கறியைத் தட்டோடு நிறுத்திருக்கிறார்கள். திரும்பிப் போய்க் கேட்டதும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். தட்டு வைத்த பிறகு தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். கேட்டும் சரிசெய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் கையில் இருந்தால் நல்லது.

கேள்வி: விருந்தில் சேலத்து மாம்பழம் வைக்க ஆசை. இப்போதே மஞ்சளாக விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். நம் மல்கோவாவும் இமாம்பசந்தும் நன்றாக வருவது மே, ஜூனில். முன்கூட்டி வருவதற்கு விலை அதிகம், ருசி குறைவு. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது; இருந்தாலும் அவசரத்துக்குச் சிலர் செய்கிறார்கள். பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே வராவிட்டால் வாங்காதீர்கள். அதற்குப் பதில் இரண்டு கிளிமூக்கு மாங்காய் வாங்கி, வெல்லம் போட்டுப் பச்சடி செய்யுங்கள். காரமான மிளகு வறுவலுக்குப் பக்கத்தில் அந்தப் புளிப்பும் இனிப்பும் நன்றாக இருக்கும்.