புது லேப்டாப் திரையில் பச்சைப் புள்ளி, மூலையில் வெளிச்சம்: மாற்றிக் கேட்கலாமா?

வாங்கி நாலு நாள்தான் ஆகிறது, திரை கறுப்பானால் கீழ் மூலையில் வெளிச்சம், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி வேறு, சர்வீஸுக்குக் கொடுக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வேறு லேப்டாப் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. இரவில் விளக்கை அணைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறைய வைத்துவிட்டு, தலையை இடமும் வலமுமாக நகர்த்திப் பாருங்கள். கோணம் மாற மாற வெளிச்சமும் கூடிக் குறைந்தால் அது ஐபிஎஸ் திரைகளின் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை) இயல்பு, அந்த வகைத் திரை உள்ள லேப்டாப்களில் கொஞ்சம் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே நின்றால் பேக்லைட் கசிவு, அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சம் ஓரத்தில் கசிகிறது.

பச்சைப் புள்ளி விஷயம் வேறு. 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள்), ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு. அதில் ஒரு பச்சைத் துண்டு அணையாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் போகும் என்பார்கள், செய்யாதீர்கள், அழுத்திய தடம்தான் மிஞ்சும். ஒரே ஒரு புள்ளிக்குப் பல கம்பெனிகள் வாரண்டியில் திரை மாற்றித் தருவதில்லை, எனக்கே ஒருமுறை 'அனுமதித்த அளவுக்குள்தான் சார்' என்று கையை விரித்தார்கள். அதனால்தான் கெடுவைச் சொன்னேன்.

அப்புறம், கடைக்கு அனுப்ப போட்டோ எடுக்கும்போது போனில் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள், இல்லையென்றால் இருட்டில் சின்னக் கசிவும் தீப்பந்தம் மாதிரி விழும், அவர்களும் நம்பமாட்டார்கள்.