அந்தக் காரை யாருக்காகக் கழுவுகிறீர்கள்?

சிங்கப்பூர் வாசகர்களே, இந்த மாதக் கடிதங்களைப் பிரித்துப் படித்தால் நிறையப் பேர் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: நான் வாழ்வது என் வாழ்க்கைதானா? ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. வங்கியில் ஐடி வேலை, செங்காங்கில் ஐந்தறை வீடு, கார், இரண்டு பிள்ளைகள். குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கீழேயே எம்ஆர்டி ரயில் நிலையம் இருந்தாலும் காரில்தான் போகிறேன். ஆனால் தினமும் வேறு யாருடைய வேலைக்கோ போவது மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை காரைக் கழுவும்போதுதான் இந்த யோசனையெல்லாம் வரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிருதங்கம் கற்றுக்கொள்ளலாமா என்றால் மனைவி முறைக்கிறாள்.
- வாசகர், செங்காங்

பதில்: முறைக்காமல் என்ன செய்வார்? மிருதங்கம் கற்றுக்கொள்ள வேலையை எதற்கு விட வேண்டும்? வாரம் ஒரு வகுப்பு, தினம் அரை மணி நேரம் சாதகம், அதுவும் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டாத நேரமாகப் பார்த்து. ஒரு வகுப்புக்குக்கூடப் போகாமல் நேராக ராஜினாமாவில் போய் நிற்கிறீர்கள் என்றால், உங்களுக்கு மிருதங்கத்தின் மேல் ஆசையா, இங்கிருந்து ஓடினால் போதும் என்ற ஆசையா என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு மிருதங்கத்தைவிட உங்கள் கார்தான் உறுத்துகிறது. கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டிய மாதங்களை நாம் எல்லோரும் பார்த்தோம், அதுவும் பத்து வருடத்துக்குத்தான், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. வயதான அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்காக வைத்திருக்கிறேன் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மச்சான் வாங்கிவிட்டார், தீபாவளிக்கு நாம் மட்டும் பஸ்ஸில் போய் இறங்குவதா என்பதற்காக வாங்கியதென்றால், அந்தத் தவணை கட்டுவதற்காகத்தான் பிடிக்காத வேலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேலை பாவம், அதன் மேல் ஏன் பழி?

நானும் செய்தவள்தான். புது வீட்டுக்குப் போனபோது விருந்தாளிகள் பார்க்க வேண்டும் என்று வெள்ளை நிறத் தோல் சோபா ஒன்று வாங்கினேன். கறை படுமென்று பிள்ளைகளை உட்கார விடவில்லை, நானும் உட்காரவில்லை. எட்டு வருடம் குடும்பமே தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தது, சோபா எங்களைப் பார்த்தது. கடைசியில் தூக்கிப் போட எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வைத்தபோதுதான் நான் முதன்முதலாக அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். சொகுசாகத்தான் இருந்தது, போங்கள்.

இரண்டு வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு பழைய நோட்டில் ஒரே வரி: யாருக்கும் தெரியாமல் போனாலும் இன்றைக்கு நான் செய்திருக்கக்கூடிய காரியம் எது? சில நாள் ஒன்றும் இருக்காது, வெறுமனே தேதியை மட்டும் எழுதுங்கள். பதினான்காம் நாள் மனைவியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு அப்புறம் மிருதங்கப் பேச்சை எடுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு மன்னார்குடி பக்கம். கட்டுமான வேலைக்கு வந்து ஆறு வருடம். ஊரில் என்னை சூப்பர்வைசர் என்று நினைக்கிறார்கள், நான்தான் அப்படிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டு மரினா பேயில் படம் எடுத்து அனுப்புவேன். இப்போது தங்கை கல்யாணத்துக்கு என் பேரில் பெரிய தொகையைப் போட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அம்மா தாங்குவாரா?
- பெயர் வேண்டாம், துவாஸ்

பதில்: தம்பி, என் கடைசித் தம்பி வயது இருக்கும், நீ என்றே எழுதுகிறேன். உன்னைத் திட்டப் போவதில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்ன பொய் அது. ஆனால் ஆறு வருடத்தில் அதுவும் வளர்ந்து ஆளாகி, இப்போது உன்னிடமே சம்பளம் கேட்கிறது. தங்கை கல்யாணத்துக்குக் கேட்கும், நாளைக்கு வீட்டுக்கு மாடி எடுக்கக் கேட்கும், நீ ஊருக்குத் திரும்பும் அன்றைக்குப் பெட்டி நிறையக் கேட்கும்.

முதலில் அம்மாவிடம் போகாதே. தங்கையிடம் சொல். கல்யாணம் அவளுடையது, மண்டபத்தையும் சீரையும் குறைத்துக்கொள்ள அந்த வீட்டில் மனமுள்ள ஒரே ஆள் அவளாக இருக்கலாம். வாயால் மட்டும் சொல்லாதே, சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டு. 2016 ஏப்ரலிலிருந்து முதலாளி அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். சாப்பாட்டுக்கு இவ்வளவு, கைச்செலவுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று அவளோடு சேர்ந்து கூட்டிப் பார். உன்னால் தர முடிந்தது எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும், அதற்கு மேல் ஒரு வெள்ளியும் ஒப்புக்கொள்ளாதே. மானத்தைக் காப்பாற்ற இங்கே வட்டிக்கு வாங்கிவிடாதே, அதை மட்டும் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

அம்மாவைப் பற்றி என் ஊகம் ஒன்று சொல்லவா? அவருக்குப் பாதி தெரியும். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை வாங்குகிறவன் முகம் வருடா வருடம் இப்படிக் கறுக்காது என்பது வயலில் நின்ற பெண்ணுக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு மரினா பேக்குப் போக வேண்டாம். நீ வேலை செய்து முடித்த புளோக் ஏதாவது ஒன்றுக்குப் போ, இப்போது ஆள் குடியிருக்கும், துணி காயும். அதன் முன்னால் நின்று படம் எடுத்து, “இது நான் கட்டியதும்மா” என்று அனுப்பு. பதில் என்ன வந்தது என்று எனக்கும் எழுது.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு குரலில் பேசுகிறேன், வீட்டில் ஒன்று, தேக்கா சந்தையில் இன்னொன்று. என் பெயர் வாயில் நுழையவில்லை என்று வேலையிடத்தில் அதையும் சுருக்கிவிட்டார்கள். நான் போலியா?
- வாசகி, 26, பிடோக்

பதில்: இல்லம்மா. என் பாட்டி மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவார், எதிர்வீட்டுச் சீனப் பாட்டியோடு பாதி ஹொக்கியன் பாதி சைகை, சாமி முன்னால் தஞ்சாவூர்த் தமிழ். மூன்றிலும் அவர் அதே கறார்ப் பேர்வழிதான், ஐந்து காசு விட மாட்டார். நான்கு அதிகாரத்துவ மொழிகள் இருக்கிற ஊரில் ஒரே குரலோடு ஒருத்தி திரிந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், லா!

குரலை விடுங்கள், பேச்சைப் பாருங்கள். வீட்டில் தப்பு என்று சொல்கிற ஒன்றை அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறீர்களா? நம் ஆட்களைக் கேலி செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்களா? அங்கேதான் நெஞ்சு குத்தும், குத்த வேண்டும். பெயர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பாஸ்தாவின் பெயரில் ஐம்பது வகை சொல்லத் தெரிந்த வாய்க்கு உங்கள் பெயரும் நுழையும். மூன்று தடவை பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், நான்காம் தடவை திரும்பிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: யார் மகள் கறுப்பு, யார் மகனுக்கு மதிப்பெண் குறைவு என்று மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன், அதுதான் உண்மையான வாழ்க்கை என்று நம்புகிறேன். சொந்தக்காரர்கள் ஒருவரும் இப்போது பேசுவதில்லை.
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்களைப் பற்றி மனதில் பட்டதையும் இதே வேகத்தில் சொல்கிறீர்களா? அடுத்தவர் மகளின் நிறத்தையும் மகனின் மதிப்பெண்ணையும் பற்றிச் சொல்வதில் என்ன சத்தியம் இருக்கிறது? முதலில் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதையும் அப்படியே பட்டென்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 63 வயதில் ஓய்வு பெற்றேன். மறுவேலைக்குக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றேன். இப்போது காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் தொண்டூழியம் செய்யச் சொல்கிறாள். அதில் மனம் ஒட்டவில்லை.
- வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, வேண்டாம் என்றது தப்பில்லை. ஓய்வு வயதுக்குப் பிறகும் முதலாளி வேலை தர முன்வர வேண்டிய மறுவேலை வயது 2026 ஜூலையிலிருந்து 69 என்றால், 69 வரை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கையில் வந்து விழ வேண்டும் என்று பதறவும் வேண்டாம். மூன்று மாதம் சும்மா இருங்கள், நாற்பது வருடம் அலாரம் வைத்து எழுந்தவர் நீங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். “தமிழ் முரசும் நானும் 1935-இல் பிறந்தவர்கள்” என்று பெருமையடிப்பார். ஓய்வுக்குப் பிறகு காலையில் முரசு நாளிதழை எடுத்துக்கொண்டு கீழ்த்தளக் கல் மேசையில் போய் உட்காருவார். அங்கே கண் பார்வை மங்கிப்போன பழைய கூட்டாளி ஒருவர் வருவார், அவருக்கு அப்பா சத்தமாக வாசிப்பார். முதலில் மரண அறிவிப்புகள், அதுதான் அவர்கள் ஒப்பந்தம், அப்புறம்தான் தலைப்புச் செய்தி. நாளாக ஆக இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், செய்தியைவிடச் சண்டை அதிகம். அதை யாரும் தொண்டூழியம் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அப்பா எழுந்து வந்திருப்பார். ஆனால் ஒருநாள் காய்ச்சலில் அவர் இறங்காதபோது மூன்று பேரும் லிஃப்ட் ஏறி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள், வாசித்துவிட்டுப் படு என்று.

ஈசூனில் உங்கள் புளோக்கைச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் வராவிட்டால் “எங்கே ஆளைக் காணோம்” என்று யாராவது கேட்கிற மாதிரி ஓர் இடம், நடக்கும் தூரத்தில். கோப்பிக்கடை மேசையாக இருந்தாலும் சரி, கோயிலில் காய் நறுக்குவதாக இருந்தாலும் சரி.

கேள்வி: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும்?
- வாசகர், ஜூரோங்

பதில்: எங்கள் வட்டாரத்துப் புரோட்டாக் கடைக்காரர் பல வருடமாகக் காலை நாலு மணிக்கு எழுகிறார். அவரிடமே கேட்டேன். “வாழ்க்கையெல்லாம் தெரியலக்கா, மாவு நல்லா ஊறுது” என்றார்.