டாக்டரிடம் போகாத மாதத்துக்கும் 12 டாலர் பில்லா?

கேள்வி: நியூஜெர்சியில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, மெடிகேர் (முதியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. சில மாதங்களாக டாக்டர் ஆபீஸிலிருந்து 12 டாலர் பில் வருகிறது. அம்மா அங்கே போகவே இல்லை. மோசடியா?

பதில்: அவசரப்பட்டு அப்படிச் சொல்ல முடியாது. 2015 ஜனவரி முதல் ‘க்ரானிக் கேர் மேனேஜ்மென்ட்’ (நாள்பட்ட நோய்ப் பராமரிப்பு) என்று மெடிகேர் டாக்டருக்குத் தனியாகப் பணம் தருகிறது. குறைந்தது இரண்டு நாள்பட்ட நோய் இருப்பவருக்காக மாதம் 20 நிமிடமாவது ஆபீஸில் வேலை நடந்திருக்க வேண்டும். இதய டாக்டர் மாற்றிய மாத்திரை சர்க்கரை மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று பார்ப்பது, லேப் ரிசல்ட்டைத் துரத்தி வாங்குவது போன்றவை. கட்டணம் சுமார் 60 டாலர். அதில் 20 சதவீதம் உங்கள் தலையில்.

இதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். ஆனால் கையெழுத்து தேவையில்லை, வாய்ச்சொல்லே போதும். அங்கேதான் வம்பு. பல ஆபீஸ்கள் இந்த வேலையை வெளி கம்பெனிக்கு விட்டுவிடுகின்றன. அது சட்டப்படி சரிதான். அங்கிருந்து யாரோ வேகமான ஆங்கிலத்தில் பேசுவார்கள். நம் அம்மாக்கள் மரியாதைக்கு “எஸ், எஸ்” என்பார்கள். அது சம்மதமாகப் பதிவாகிவிடும். அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: யார் அழைத்தாலும் போனில் ‘எஸ்’ சொல்ல வேண்டாம், மெடிகேர் எண்ணைத் தரவே வேண்டாம். டாக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டு எண்ணைக் கறக்கும் திருடர்களும் இதே மாதிரிதான் பேசுவார்கள்.

ஆபீஸில் இரண்டே விஷயம் கேளுங்கள். அம்மாவின் ‘கேர் பிளான்’ (சிகிச்சை, பராமரிப்புத் திட்டம்) நகல் கொடுங்கள். அந்தந்த மாதம் என்ன வேலை நடந்தது என்று காட்டுங்கள். நகல் கொடுப்பது அவர்கள் கடமை. மழுப்பினால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் புகார் செய்யுங்கள்.

அம்மாவுக்கு வருமானம் குறைவென்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். மாநில மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) வழியாக, மெடிகேரில் நோயாளியின் பங்கை ஏற்கும் ‘க்யூ.எம்.பி.’ திட்டத்தில் இருப்பவரிடம் அந்த 20 சதவீதத்தைக் கேட்பதே சட்டவிரோதம். 12 டாலர்தானே என்று கட்டிவிடாதீர்கள். கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு அனுப்புவோம் என்றாலும் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். க்யூ.எம்.பி. இருப்பதே பல பில்லிங் ஆட்களுக்குத் தெரிவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கொரு ‘வெல்னஸ் விசிட்’டுக்கு (நலம் விசாரிக்கும் டாக்டர் சந்திப்பு) பைசா வாங்காத மெடிகேர், மாதாமாதம் முதியவர்களைக் காக்கும் இந்த வேலைக்குப் பங்கு கேட்பது அநியாயம். அதனாலேயே தேவைப்படுகிறவர்களும் விலகிவிடுகிறார்கள்.

அம்மா மூன்று நான்கு ஸ்பெஷலிஸ்டிடம் போகிறவரென்றால், வேலை உண்மையில் நடக்கிறதென்றால், விடாதீர்கள். இல்லையென்றால் ஆபீஸில் ‘நிறுத்துங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள்; அந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும்.