எகிறில் ரத்தமும் மறதி நோயும்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் 20 வருசமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். பல்லையும் எகிறையும் (ஈறு) மறதி நோயையும் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: டாக்டரம்மா, எகிறு கெட்டா மூளையும் கெட்டுரும்னு ஒரு வீடியோ பார்த்தேனுங்க. நெசமுங்களா?

முழுக்க நிசம் என்று சொல்ல முடியாது. ஈறு நோய் முற்றினவர்கள் வாயில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி குடியிருக்கும். அது சுரக்கும் நச்சுப் புரதம், அல்சைமர் என்ற மறதி நோய் வந்து இறந்துபோனவர்களின் மூளையில் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோக்காரர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி முற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2021இல் தெரிந்தது.

ஆனாலும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. எகிறு வருசக்கணக்கில் புண்ணாகவே கிடந்தால் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அவை மூளையின் காவல் செல்களையும் உசுப்பிவிடலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இன்னொன்று, மறதி தொடங்கியவர்கள் பல் விளக்குவதையும் விட்டுவிடுவதுண்டு. எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது லேசில்லை.

எருத்தேம்பதியிலிருந்து: அப்பாருக்குச் சர்க்கரை இருக்குதுங்க. துப்பினா ரத்தமா வருது.

இந்த வாரமே கூட்டிப்போங்கள். சர்க்கரை எகிறைக் கெடுக்கும், கெட்ட எகிறு சர்க்கரையை ஏற்றும். எகிறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும். மறதி நோய்க்கு வழிவிடுவதாக லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் அடுக்கிய 14 காரணங்களில் சர்க்கரையும் புகைபிடிப்பதும் உண்டு, ஈறு நோய் இல்லை. வெற்றிலையோடு பொயிலை போட்டால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அது வாய்ப் புற்றுக்கே வழி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: கிளீன் பண்ணினா பல் ஆடுமாமே?

ஆடாது. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதன்மேல் கெட்டியாகப் படிந்த காரை பிடித்து வைத்திருக்கும். காரை போனதும் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான்.

வண்ணாமடையிலிருந்து: மாமியாருக்கு மறதி நோய். பிரஷ்ஷைக் கொண்டுபோனாக் கடிக்க வர்றாங்க. சோறும் எறங்க மாட்டேங்குது.

கண்ணு, முதலில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நான்கு நாள் சோற்றைத் தள்ளிவிட்டார். பசி மறந்துபோச்சு என்றே நினைத்தோம். பல் செட்டைக் கழற்றினால் அடியில் ஒரு தேங்காய்ச் சில்லு, சுற்றிலும் புண். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. பல் டாக்டரான நானே அதுவரை பார்க்கவில்லை, இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எதிரே நின்று பிரஷ்ஷை நீட்டினால் பயந்துபோவார்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துத் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட் போதும். கடித்தால் இழுக்காதீர்கள், அப்படியே விட்டு இன்னொரு பிரஷ்ஷால் விளக்குங்கள். பல்லுக்கு நடுவே விரலை விடவே வேண்டாம். காலையில் முரண்டு பிடித்தால் மத்தியானம் பாருங்கள். பல் செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீரில் அது கோணிவிடும். அப்படியும் சாப்பிடாவிட்டால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.