புதிய வெப்சைட்டுக்கு லோகோவை முதலில் முடித்துவிடலாமா? எவ்வளவு செலவு செய்யலாம்?

வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடி விற்க வெப்சைட் தொடங்குகிறேன், கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, முதலில் நல்ல லோகோ ஒன்றைச் செய்துகொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2019-இல் நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். இரண்டு வாகை மரச்செக்கு ஓடுகிறது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய். கடைக்கு வருகிறவர்களுக்கு என் மாமனாரைத் தெரியும், அதனால் லோகோ தேவைப்பட்டதே இல்லை. வெப்சைட் என்றதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. முகம் தெரியாதவர்கள் நம்பி வாங்க வேண்டுமே! ஒதுக்கி வைத்த 30,000-இல் 18,000 லோகோவுக்கே போனது. காங்கேயம் காளை, பின்னால் செக்கு, தென்னை, உதிக்கும் சூரியன், சுற்றி வட்டமாகக் கடைப் பெயர். லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டியபோது மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தை இன்றும் குறை சொல்ல மாட்டேன். வரைந்தவருக்கு நல்ல கை.

வெப்சைட்டில் ஏற்றிய பிறகுதான் சிக்கல். போனில் பக்கத்தின் உச்சியில் லோகோவுக்குக் கிடைப்பது 40 பிக்சல் சொச்சம் உயரம். காளையும் செக்கும் சேர்ந்து ஒரு பழுப்புத் திட்டாகத் தெரிந்தது. பிரவுசர் டேபில் வரும் குட்டிப் படம் 16 பிக்சல்தான், அங்கே அது அழுக்கு மாதிரி இருந்தது. டின்னில் ஒற்றை நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர், “சூரியன்ல நிறம் நிறமா கலந்து வருதே, இதை எப்படிம்மா அடிக்கிறது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டிசைனர் எனக்குத் தந்தது வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஜேபெக் மட்டும். ஆறடி போர்டுக்குப் பெரிதாக்கினால் உடைந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல், அதாவது எஸ்விஜி அல்லது கோரல் டிரா ஃபைல், வேண்டும் என்றேன். அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்.

என்னால் மறக்கவே முடியாதது வேறொன்று. முகப்புப் படத்தில் ‘எண்ணெய்’ என்ற சொல். ‘ணெ’யில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும் அல்லவா? அந்தப் படத்தில் கொம்பு ‘ண’வைத் தாண்டிப் போய் ‘ய்’க்கு முன்னால் நின்றது. டிசைனருடைய பழைய ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு போடப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் மூன்று பேர் பார்த்தும் கவனிக்கவில்லை. முதல் வாரமே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் எண்ணெய், அதை விற்கிறவர்களே உடைத்து எழுதலாமா என்று கேட்டார். அவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

டிசைனருக்குப் பணம் கொடுக்க மனமில்லாதவள் என்று கீழே யாராவது எழுதலாம். அப்படி இல்லை. இலவச ஆப்பில் செய்துகொள்ளுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, அதில் வரும் அதே இலைப் படம் நாலு கடையில் இருக்கும். எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் போய்ப் பணம் கொடுத்தது என் தவறு. அதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது முறை படமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுவரிலும் லாரியிலும் எழுதுகிற ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணனிடம் கடைப் பெயரைத் தூரிகையால் எழுதித் தரச் சொன்னோம். பெயரில் வரும் ‘ணெ’யின் கொம்புச் சுழிக்குள் ஒரு துளி எண்ணெய் வைத்தார். டிடிபி சென்டரில் அதைக் கோரல் டிராவில் வரைந்து வாங்கினோம். எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். அந்தச் சுழியும் துளியும் தனியாகவே 16 பிக்சலில் தெளிவாகத் தெரிகின்றன, டின்னிலும் ஒரே நிறத்தில் ஏறுகின்றன. உரிமை எங்களுக்கே என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். பதிப்புரிமை கைமாறியதற்கு எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

மிச்சப் பணத்தைப் போட்டோவில் போட்டோம். எழுத்துருவுக்கு, அதாவது ஃபான்ட்டுக்கு, செலவு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். வரி இடைவெளியை மட்டும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மேலே ‘ணீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் இடிக்கும். பொருளின் பெயரைப் படத்துக்குள் எழுதாதீர்கள், யூனிகோடில், அதாவது போனில் தட்டச்சு செய்கிற சாதாரண எழுத்தாகவே, போடுங்கள். எங்கள் பழைய பக்கத்தில் எல்லாமே படம், அதனால் கூகுளில் தேடினால் வரவே இல்லை. மஞ்சள் பொடி விற்கிறோம் என்று வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது வெப் தர விதி. வெள்ளையில் பளிச் மஞ்சள் 1.1 கூட வராது. உங்களிடம் வாங்கப்போகும் அம்மாக்கள் அதை வெயிலில் போனில் படிப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. இரும்பு மெஷினில் பிழிந்த எண்ணெய்க்கு ‘மரச்செக்கு’ என்று எழுதி, மாடு சுற்றுவது போலப் படம் போட்டு விற்கிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எங்களுக்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு ஆகிறது. பருப்பு விலைக்கும் கீழே எண்ணெய் கொடுக்கிறவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள்? வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து அவர்களை நம்பிவிட்டு, எங்களிடம் “ஏன் இவ்வளவு விலை?” என்கிறார்கள். வயிறு எரிகிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன். லோகோவுக்கு 5,000-க்கு மேல் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் உங்கள் பொடியை, உங்கள் அம்மியை, உங்கள் கையை நல்ல போட்டோ எடுக்க ஒருவரை வையுங்கள். லோகோவின் மாதிரிப் படம் வந்ததும் போனில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுங்கள். அப்புறம் உங்கள் கடைப் பெயரில் ‘பொடி’ வருமே, அந்தப் ‘பொ’வைப் பாருங்கள். ‘ப’வுக்கு இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் காலும் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் பணம் கொடுக்கும் முன்பே திருப்பி அனுப்புங்கள்.