வச்சிருக்கவன் சொல்றதும் வித்தவன் சொல்றதும்

போன தடவை "உங்க பைக் அனுபவத்த எழுதி அனுப்புங்க, வாங்குறது விக்கிறதுல சந்தேகம் இருந்தாலும் கேளுங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டேன், கடிதம் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் படிச்சதுல ஒண்ணு தெரிஞ்சுது. வண்டி எடுத்து மூணு மாசம் ஆனவங்க அத்தனை பேரும் ஒரே குரல்ல "தாறுமாறு வண்டி, ஒரு குறை சொல்ல முடியாது"ங்குறாங்க. வித்துட்டு வேற வண்டிக்குப் போனவங்கதான் எந்த கியர்ல அதிரும், எந்த சர்வீஸ்ல பில்ல தீட்டுவாங்க, பின்னாடி உக்காந்தவங்க எத்தனாவது கிலோமீட்டர்ல முனக ஆரம்பிப்பாங்கன்னு புட்டுப் புட்டு வைக்கிறாங்க. அதனால ஒரு மாடல் பத்தி விசாரிக்கணும்னா அதை வித்தவர தேடிப் புடிங்க. அவரு உங்ககிட்டயே விக்க வந்தவரா மட்டும் இருக்கக் கூடாது.

ஷோரூம்ல லிட்டருக்கு 60 கிலோமீட்டர் குடுக்கும்னாங்க. மீட்டர்ல 55 காட்டுது. எனக்கு என்னமோ 42 தான் வர்ற மாதிரி இருக்கு. எது உண்மை? (திருப்பூர்)

பங்க்ல நீங்க குடுக்குற காசு உண்மை. "வர்ற மாதிரி இருக்கு"ங்குறத விட்டுட்டு அளந்து பாருங்க சார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு டேங்க ஃபுல் பண்ணுங்க, 300 கிலோமீட்டர் எப்பவும் போல ஓட்டுங்க, அதே பங்க்ல அதே மாதிரி நிறுத்தி மறுபடி ஃபுல் பண்ணுங்க, எத்தனை லிட்டர் புடிச்சுதோ அதால வகுங்க. கம்பெனி சொல்ற நம்பர் ரோலர் மேல நிறுத்தி ஓட்டிப் பாத்தது, அதுல உங்க மனைவியும் கிடையாது அரிசி மூட்டையும் கிடையாது. பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறதால குறையுதான்னும் நிறைய பேரு கேட்டிருக்கீங்க. எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அந்தக் கணக்குல ஆறேழு சதவீதம் வரைக்கும் அடி வாங்கலாம். ஆனா 60 போயி 42 ஆகுறதுக்கு எத்தனால் மட்டும் காரணம் இல்ல, மொதல்ல டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க.

2022ல என் 150 சிசி வண்டிய பழைய வண்டி வாங்கி விக்கிற ஒரு கன்சல்டிங்ல குடுத்தேன். பேர் மாத்துறதுக்கான 29, 30 பாரத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டு "ஆள் வந்ததும் பேர் மாத்திடுவோம்"னாங்க. இப்ப அந்த வண்டி ஒருத்தர மோதி, நஷ்டஈடு கேட்டு என் பேர்ல கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கு. இன்சூரன்சும் இல்லையாம். ஓட்டினது யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணா. (சேலம்)

தம்பி, மொதல்ல நோட்டீஸ மடிச்சு பீரோவுல வைக்காதீங்க. வக்கீல் மூலமா ஆஜர் ஆகுங்க, ஆகலன்னா உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு வந்துரும். கன்சல்டிங்காரன் குடுத்த துண்டுச்சீட்டு, பேங்க்ல பணம் ஏறின தேதி, வாட்ஸப்ல அனுப்பின ஆர்.சி. படம், எது இருந்தாலும் எடுத்து வச்சு, கன்சல்டிங் ஓனரையும் இப்ப வண்டி வச்சிருக்கவனையும் வழக்குல சேக்கச் சொல்லுங்க. அந்த விபத்துல உங்க மேல ஒரு தப்பும் இல்ல, ஆனா சட்டம் உங்க நல்ல மனச பாக்காது. 2018ல ஒரு கார் வழக்குல, வண்டி பல கை மாறியிருந்தும், பதிவுல யார் பேரு இருக்கோ அவருதான் ஓனர், நஷ்டஈட்டுக்கு அவருதான் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இந்த ஓப்பன் பாரம் விஷயத்துல எனக்கு வயித்தெரிச்சல் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கங்க. கையெழுத்த மட்டும் போட்டு வாங்குறவர் பேரு, தேதி எல்லாத்தையும் காலியா விட்டுக் குடுக்குற பழக்கத்த நம்ம ஊர்ல யாரும் தப்பாவே நினைக்கிறதில்ல. காலி செக்குல கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா? மாட்டீங்க. ஆனா வண்டிக்கு மட்டும் குடுப்பீங்க, ஏன்னா கன்சல்டிங்ல ஃபேன் ஓடுது, டீ வாங்கித் தர்றாங்க, கையில பணத்த எண்ணி வச்சுடறாங்க. கன்சல்டிங்காரன் தன் பேருக்கு மாத்துனா அவனுக்கு செலவு, ஆர்.சி.ல ஓனர் எண்ணிக்கையும் ஒண்ணு கூடி விலை இறங்கும். அவனுக்கு மிச்சமாகுற அந்தக் காசுக்காக உங்க பேரு வருஷக்கணக்கா ஊரச் சுத்துது. ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள வித்தவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவுலயே இருக்கு. 2023 ஏப்ரல் 1லேர்ந்து இன்னொரு வழியும் வந்திருக்கு: ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கின பழைய வண்டி டீலர்கிட்ட ஒப்படைச்சு, ஒப்படைச்சதச் சொல்ற 29சி பாரத்த ஆன்லைன்ல ஏத்திட்டா, அதுக்கப்புறம் பொறுப்பு அந்த டீலர் தலையில. "உங்ககிட்ட அந்த அங்கீகாரச் சான்று இருக்கா"ன்னு கேட்டுப் பாருங்க, பாதிக் கடையில ஃபேன நிறுத்திருவாங்க.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல, இதே கூத்துல எதிர்ப்பக்கம் நின்னவன். 2011ல ஆடி மாசம் விலை கம்மியா இருக்கும்னு ஒரு கன்சல்டிங்ல வண்டி வாங்கினேன், ஓப்பன் பாரத்தோட. பேர் மாத்துறத தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது மாசம் மழையில சறுக்கி ஃபோர்க் வளைஞ்சு ஹெட்லைட் நொறுங்கிப் போச்சு. இன்சூரன்ஸ்ல போய் நின்னா, பாலிசி பழைய ஓனர் பேர்ல இருக்கு, 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்திருக்கணும், சொந்த வண்டி டேமேஜுக்கு ஒரு பைசா கிடையாதுன்னுட்டாங்க. முழுசும் என் கைக்காசு. அப்புறம் அந்தப் பழைய ஓனர தேடிப் போனப்ப அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே. நான் சிக்னல் தாண்டினதுக்கெல்லாம் அவரு வீட்டுக்கு அபராத சீட்டு போயிருக்கு.

350 எடுக்கவா, 650 எடுக்கவா? வீட்டுலேர்ந்து ஆபீஸ் 4 கிலோமீட்டர். (சென்னை)

சைக்கிள்.

கேக்க மாட்டீங்க, தெரியும். 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. நாலு கிலோமீட்டருக்கு 350யே போதும்.

நான் 5 அடி 1 அங்குலம். புல்லட் மாதிரி ஒண்ணு ஓட்டணும்னு ஆசை. வீட்டுக்காரர் கிளாசிக்தான் கெத்துங்குறாரு. எனக்கு எட்டுமான்னு பயமா இருக்கு. (திருச்சி)

அம்மா, ஓட்டப் போறது நீங்க, கெத்து அவருக்கா? ராயல் என்ஃபீல்டுல கிளாசிக் 350 சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. ஹன்டர் 790, 181 கிலோ. மீட்டியார் 765, ஆனா 191 கிலோ. மூணுலயும் 349 சிசி இஞ்சின்தான். வெறும் நம்பர பாத்து முடிவு பண்ணாதீங்க, சீட் அகலமா இருந்தா உயரம் கம்மியா இருந்தும் கால் எட்டாது. ஷோரூம்ல ஸ்டாண்ட் போட்ட வண்டியில உக்காந்து போட்டோ எடுத்துட்டு வராதீங்க. ஸ்டாண்ட எடுத்துட்டு, நீங்க வழக்கமா போடுற செருப்போட, லேசான சரிவுல வண்டிய பின்னாடி தள்ளிப் பாருங்க. ஓடுற வண்டிய எல்லாராலயும் ஓட்டிர முடியும், கொடுமை பார்க்கிங்லதான்.

எனக்கு எப்படித் தெரியும்னா, கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி எறங்கணும்னு ஒரு உசரமான அட்வென்சர் வண்டி வாங்கினேன். ஒருத்தர் விடாம புகழ்ந்தாங்க, அத்தனை பேரும் ஆறடி. கொல்லிமலைக்குப் போனது ரெண்டே தடவை. மிச்ச நாள் பூரா அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல நுனிக்கால்ல நின்னு தள்ளினதுதான், ஒரு நாள் பக்கத்து வீட்டு கார் மேல சாச்சுட்டேன். வித்தாச்சு. வித்தவன் சொல்றேன், கேட்டுக்கங்க.

புது வண்டி பில்லுல 'ஹேண்ட்லிங் சார்ஜ்'னு தனியா போட்டிருக்காங்க. ஹெல்மெட்டுக்கும் காசு வாங்கினாங்க. இன்சூரன்ஸ் அங்கதான் போடணுமாம். குடுத்துட்டேன், திரும்ப வருமா? (கோயம்புத்தூர்)

பில்லுல எழுதியே வாங்கினாங்களா, நல்லதாப் போச்சு, அதுதான் உங்க ஆயுதம். வண்டிய குடோன்லேர்ந்து கொண்டாந்து தொடச்சு உங்களுக்குக் காட்டுறது அவங்க வியாபாரம், அதுக்குக் கூலி நீங்க ஏன் குடுக்கணும்? ஹெல்மெட் விஷயம் இன்னும் தெளிவு: இரு சக்கர வண்டி விக்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்துல ஹெல்மெட் சேத்துக் குடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 138ல இருக்கு. இன்சூரன்ஸ் எங்க வேணா போடலாம், புது வண்டிக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி (நீங்க மோதுனவங்களுக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம்ங்குறது மட்டும்தான் சட்டம். மொதல்ல ஷோரூம் மேனேஜருக்கு எழுத்துல கேளுங்க. அசையலன்னா 1915ங்குற தேசிய நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் பதியுங்க. அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அஞ்சு லட்சம் வரைக்கும் பொருளுக்குக் குடுத்த காசுன்னா மனு கட்டணமே கிடையாது. விடாதீங்க. உங்களுக்கு அது ரெண்டாயிரம், அவங்களுக்கு மாசத்துக்கு நூறு ரெண்டாயிரம்.

ஆன்லைன் விளம்பரத்துல 'சிங்கிள் ஓனர், 12,000 கி.மீ.'ன்னு பாத்து வாங்கினேன். இப்ப இஞ்சின் வேலை சொல்றாங்க, மீட்டர திருப்பிருக்காங்களாம். ராத்திரி நேரம்ங்கிறதால சரியா பாக்கல, ஓட்டியும் பாக்கல. என்ன பண்ணலாம்? (மதுரை)

கத்திரிக்காய்க்கு காம்ப திருப்பிப் பாக்குறீங்க, எழுபதாயிரம் ரூபாய்க்கு ராத்திரி செல்போன் டார்ச்சா? விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், பேசின மெசேஜ் இருந்தா போலீஸ்ல ஏமாத்துன புகார் குடுங்க, இல்லன்னா பாடம் கத்துக்கிட்ட ஃபீஸ்னு வச்சுக்கங்க. இனி வாங்கப் போறவங்களுக்கு: மீட்டர திருப்பலாம், ரப்பர திருப்ப முடியாது. கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டும் கியர் லீவர் ரப்பரும் மொழுமொழுன்னு தேஞ்சிருந்தா 12,000 பொய். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம். 2017 வண்டியில அந்த டயர் இருந்தா அப்பவே ஒரு செட் தேஞ்சு மாத்தியாச்சுன்னு அர்த்தம். காலையில, இஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போது போங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா டீ மட்டும் குடிச்சுட்டுத் திரும்பிருங்க.

அப்பா 2003ல வித்த அதே யமஹா ஆர்எக்ஸ் 100, அதே நம்பர், தேடிக் கண்டுபிடிச்சுட்டேன். 1.2 லட்சம் கேக்குறாரு. வாங்கலாமா? (நாகர்கோவில்)

98 சிசி, டூ ஸ்ட்ரோக், முன்னாடி பின்னாடி ரெண்டும் டிரம் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. 1996ல உற்பத்தியையே நிறுத்தியாச்சு. வண்டியா பாத்தா இந்தக் காசு ஜாஸ்தி, ஆனா நீங்க வண்டியா பாக்கல, அதனால அத விடுங்க. ஆர்.சி. உயிரோட இருக்கான்னு பாருங்க, 15 வருஷம் எப்பவோ முடிஞ்சு அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிச்சிருக்கணும். சேசிஸ் நம்பர் மேல பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு எடுத்து ஆர்.சி.யோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, எங்கயாவது அரம் போட்ட தடம் தெரிஞ்சா கிளம்பிருங்க. இஞ்சின் நம்பரும் அப்படியே. "ஜப்பான் பார்ட்டு"ன்னு சொன்னா கேட்டுக்கங்க, அதுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, இது அப்பா வண்டின்னு அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது.

ஓ, சொல்லிட்டீங்களா? அதான் 1.2.