கொட்டகையில் விறகடுப்பு: முதலில் புகைக்கு ஒரு வழி

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கிராமம். வீட்டுக்குப் பின்னால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை இருக்கிறது. வெந்நீர் போட, ஞாயிற்றுக்கிழமை கறி வைக்க ஒரு விறகடுப்பு வேண்டும் என்கிறார் அம்மா. அவருக்கு வீசிங் உண்டு. கடையில் விற்கும் இரும்பு அடுப்பை வாங்கலாமா, கொத்தனாரை வைத்துக் கட்டலாமா?

கட்டுங்கள். வீசிங் இருப்பவர் மூன்று பக்கம் சுவர் உள்ள கொட்டகையில் நின்று சமைக்கப் போகிறார் என்றால் வேறு பேச்சே இல்லை. கடையில் கிடைக்கும் தூக்கி வைக்கும் அடுப்புகளில் நல்லவையும் இருக்கின்றன, ஐ.எஸ். 13152 என்ற தர முத்திரை பார்த்து வாங்கினால் விறகு மிச்சமாகும், சின்ன ஃபேன் வைத்தது என்றால் புகையும் குறையும். ஆனால் குறைந்த அந்தப் புகையும் அம்மாவின் முகத்துக்குத்தான் வரும், ஏனென்றால் அதில் புகைபோக்கி கிடையாது. திறந்த முற்றத்தில் வைத்துச் சமைப்பதாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

கட்டும்போது கொடியடுப்போடு, அதாவது தனியாக விறகு வைக்காத இரண்டாவது கண்ணோடு, கட்டச் சொல்லுங்கள். முன் கண்ணில் குழம்பு கொதிக்க, போகிற சூட்டில் கொடியில் வெந்நீர் தானாகக் காயும், அதற்குப் பின்னால் புகைபோக்கி. விறகு தரையில் கிடக்காமல் ஒரு கம்பித் தட்டின் மேல் எரிய வேண்டும், அடியில் காற்று நுழைய வழி வேண்டும், ஊதாங்குழலுக்கு வேலை இருக்காது. நம் ஊரில் கருங்கல் பலகை சுலபமாகக் கிடைக்கிறது என்று நெருப்புப் படும் இடத்தில் அதை வைத்துவிடுவார்கள், வேண்டாம், சூட்டில் சில கற்கள் வெடித்துத் தெறிக்கும். உள்பக்கம் நன்றாக வெந்த செங்கல். பூச்சுக்கு சிமெண்ட் கலவை வேண்டாம், அது சூட்டில் விட்டுப்போகும். களிமண், மணல், கொஞ்சம் உமி கலந்த சேறு போதும். கட்டியவுடன் பெரிய நெருப்பு போடாமல் முதலில் நன்றாகக் காய விட்டு, அப்புறம் நாலைந்து நாள் சுள்ளி வைத்து லேசாக எரித்துப் பாருங்கள். விரிசல் விழுந்தால் அதே சேற்றை வைத்துப் பூசிக்கொள்ளலாம்.

இடம்? கொத்தனார் அக்னி மூலை என்பார். சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூலையில் கேஸ் சிலிண்டர் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் கீற்று, சாக்கு, மண்ணெண்ணெய் கேன், காயப்போட்ட துணி எதுவும் கூடாது.

அடுப்பை விடப் புகைபோக்கிக்குத்தான் காசு செலவழிக்கச் சொல்வேன். 4 அங்குலக் குழாய் போடுங்கள், 3 அங்குலம் சீக்கிரம் கரி படிந்து அடைக்கும். மிச்சம் இருக்கிறது என்று பிவிசி குழாயைச் சொருகவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் வேண்டாம், சுட்ட மண் குழாயோ கனமான இரும்புக் குழாயோ போதும். உங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் அதை வெட்டித் துளை போட விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வீசிங் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். பின்சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே எடுத்து, மேல்நோக்கி ஏற்றுங்கள். சட்டென்று மடக்காமல் சாய்வாகத் திருப்பினால் புகை தயங்காது. கூரையின் உச்சியைத் தாண்டி 2, 3 அடி உயரம் வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி உள்ளேயே வரும். மேலே மழைத் தொப்பி, கீழே கரி வழித்தெடுக்க ஒரு சின்ன வாய். மாதம் ஒரு தடவையாவது துடைத்து எடுங்கள், உள்ளே படியும் கரிப்பிசின் தீப்பிடிக்கக்கூடியது. இரும்புக் குழாய் மரச் சட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளிப் போகட்டும்.

இவ்வளவு செய்தும் புகைந்தால் குற்றம் பெரும்பாலும் விறகில்தான் இருக்கும். பச்சை விறகின் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம், அதைக் கொதிக்க வைக்கவே நெருப்பு செலவாகிவிடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். தை, மாசியில் வெட்டிய சீமைக்கருவேலத்தை மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து வேலூர் வெயிலில் போட்டு வையுங்கள், ஆடிக்குள் இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும், காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னால் தரையில் படாமல், கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள்.

பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எரிக்கக் கூடாது என்பது தெரிந்ததே. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் சும்மா கிடைக்கிறது என்று தோல் துண்டுகளையும் அடுப்பில் போடுபவர்கள் இருக்கலாம். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் சாம்பலில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் சேரும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் விளக்குவோம், செடிக்கும் போடுவோம்.

மார்கழிக் குளிருக்கு அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக் கதவடைத்த அறைக்குள் வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் நிறுத்திவிடுங்கள். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமைக்கும்போது நைலான், பாலியஸ்டர் புடவையை விட்டுப் பருத்தி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சூடு பட்டால் மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் தடவாமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பெரிய காயம் என்றால் உடனே 108.